நாலு விரற்கடை தூரம்

உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேயே வைத்திருக்க வேண்டும். எம்.ரெட்டியபட்டியில் பருத்திக்காட்டுக் கூலிக்குப் போகும் வீட்டில் பிறந்தவன். முப்பது வயதுவரை அவன் யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதற்குச் சாட்சி கிடையாது. தெருநாய்கூட அவன் சைக்கிளுக்கு வழிவிடாது. அவன்தான் இறங்கி, நாயைச் சுற்றிக்கொண்டு போவான். பெயரில் இருந்த உக்கிரம் முழுக்க அவன் மனைவி மாரிக்கனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மதுரையில் கலர் ஃபிலிம் கழுவும் கடை ஒன்றில் ஆறு வருசம் வேலை பார்த்தான். அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் கழுவிக் கழுவி அலுத்துப்போய், 1983-இல், கல்யாணமான கையோடு, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையைப் பிடித்து ஸ்டுடியோ போட்டான். பழைய ஜப்பான் கேமரா ஒன்று விலைக்கு வந்தது. மாரிக்கனியின் காதில் கிடந்த கம்மலை விற்றுத்தான் அதை வாங்கினார்கள். “ஆறே மாசம். இதவிடப் பெருசா வாங்கித் தாரேன்” என்றான். ‘மாரி ஸ்டுடியோ’ என்று பலகையும் எழுதி மாட்டினான். பலகை மாட்டியதோடு கம்மல் பேச்சு நின்றுபோனது.

ஸ்டுடியோ சுவரில் படம் வரைந்த திரை ஒன்று தொங்கியது. அதில் ஒரு ஏரி, ஏரியில் இரண்டு அன்னம், கரையில் தென்னை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வருசம் முழுக்கத் தண்ணீர் வற்றாத ஒரே ஏரி அதுதான். அதற்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளச் சனங்கள் வந்தார்கள். அவன் எடுப்பான், மாரிக்கனி படங்களை ஓரம் வெட்டி, ஆல்பத்தில் ஒட்டி, வந்தவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புவாள். தொழில் ஒருவிதமாக ஓடியது. ஒரு ஈ வந்து எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கும் வரைக்கும் ஓடியது.

1985 சித்திரை. பாலவனத்தத்துப் பருத்தி வியாபாரி தங்கசாமி பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காக ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கேமராவின் லென்சில் தூசி தெரிந்தது. உக்கிரபாண்டி அதைக் கழற்றித் துடைத்தான். துடைத்தவன் விளையாட்டுப்போல அதைத் தலைகீழாகத் திருப்பி, கேமராவின் வாயில் கையாலேயே பொருத்திப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மேசை விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்து முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் முகம் கேமரா நிறையத் தெரிந்தது. செங்கல் நிறத்தில் இரண்டு கண்கள், கண்ணுக்குள் கட்டம் கட்டமாக ஆயிரம் கண்கள், வாய்க்கு மேலே முறுக்கிவிட்டாற்போல மயிர்.

“ஆத்தாடி! மீச இருக்குய்யா, மீச!” என்று கத்தினான் உக்கிரபாண்டி. அவன் வாழ்நாளில் போட்ட முதல் பெரிய சத்தம் அது.

தங்கசாமி தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இருந்தா என்னப்பா? எடுக்கணுமா?”

“ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி, ஈக்கு!”

தங்கசாமி ஸ்டூலைவிட்டு எழுந்து, வேறு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். உக்கிரபாண்டி அவர் போனதைக் கவனிக்கவே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. லென்சைத் தலைகீழாக மாட்டினால் கேமரா பூதக்கண்ணாடியாகிவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாலு விரற்கடை தூரத்தில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். அதிலும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத்தான் பார்க்கும். அதற்கு அந்தப்பக்கம் யானை நின்றாலும் வெறும் புகைமூட்டம். பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒரு வளையம் செய்து, லென்சை அதில் திருப்பிச் செருகிக் கேமராவோடு பொருத்துகிற வித்தையைத் தானே கண்டுபிடித்தான். எறும்பு, சில்வண்டு, பொறிவண்டு, பருத்திச்செடிப் புழு என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தான். ஐப்பசியில் மழை விழுந்து கண்மாய்களில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியதும் தட்டாம்பூச்சிகள் வந்தன. அவ்வளவுதான், மனுசன் கைவிட்டுப் போய்விட்டான்.

தட்டாம்பூச்சியை நாலு விரற்கடைக்கு நெருங்குவது லேசில்லை. விடிகாலையில் மட்டும்தான் நடக்கும். இரவெல்லாம் பனி இறங்கி இறக்கை நனைந்திருக்கும். வெயில் ஏறிக் காயும்வரை அது கோரைப்புல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். அந்த அரைமணி நேரத்தில் ஈரமண்ணில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து கிட்டப் போக வேண்டும். இறக்கை முழுக்கக் கண்ணாடிக் குண்டுகளாகப் பனித்துளி. துளிக்குத் துளி தலைகீழாக ஒரு கண்மாய், தலைகீழாக ஒரு உக்கிரபாண்டி. அதைப் பார்த்தவுடன் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சந்தோசம் தாங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். கேமரா ஆடி, படம் கலங்கிவிடும். ஆறேழு படம் அப்படிப் பாழான பிறகு ஒரு வழி கண்டான்: துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வது. அதன்பின் கண்மாய்க்கரையில் ஒருவன் குப்புறக் கிடந்து, வாயில் துணியோடு உடம்பு குலுங்குவதைத்தான் சனங்கள் பார்த்தார்கள். ஒருநாள் ஆடு மேய்க்க வந்த அருஞ்சுனை, வலிப்பு வந்து கிடக்கிறான் என்று நினைத்து, இரும்புச் சாவி இல்லாததால் தொரட்டியின் இரும்பைக் கையில் திணித்து, மூஞ்சியில் ஒரு சட்டித் தண்ணீரையும் ஊற்றிவிட்டாள். எழுந்து உட்கார்ந்தவன் கோபிக்கவில்லை.

“பறந்துருச்சே ஆத்தா” என்றான்.

“உசுரா?” என்று கேட்டாள் அருஞ்சுனை.

இதுவரைக்கும் யாருக்கும் நட்டம் இல்லை. வினை வந்தது ஃபிலிம் சுருளால். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். காதுகுத்து முடிந்து நாலு படம் மிச்சமிருந்தால் அந்த நாலையும் பூச்சிக்குச் செலவழிப்பான். மதுரையில் கழுவி வரும்போது எல்லாம் ஒரே உறையில் கலந்து வரும். பிரித்து வைக்க மறப்பான். அப்படித்தான் ஒரு வாத்தியாரின் பணிநிறைவு ஆல்பத்தில், மாலை போட்ட வாத்தியாருக்கும் பொன்னாடை போட்ட தலைவருக்கும் நடுவே ஒரு பச்சை வெட்டுக்கிளி முழுப் பக்கத்துக்கு உட்கார்ந்திருந்தது. வாத்தியார் படியேறி வந்து சண்டை போட்டார். பதில் சொன்னது மாரிக்கனி. இப்படி மூன்று வருசத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள்! மெல்ல மெல்லக் கல்யாண ஆர்டர்கள் குறைந்து, ஸ்டுடியோ வாசலில் செருப்பு கழற்றிவிட ஆள் இல்லாமல் போனது.

அந்த நேரத்தில்தான், 1988-இல், மல்லாங்கிணறு மிளகாய்வத்தல் வியாபாரி சங்கரலிங்கம் ஆள் அனுப்பினார். அவர் மகள் கோகிலாம்பாளுக்கு விருதுநகர் மாப்பிள்ளை. ஐப்பசியில் முகூர்த்தம். பெரிய வீட்டுக் கல்யாணம் மாரி ஸ்டுடியோவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஒன்று நன்றாக அமைந்தால் கடைத்தெரு முழுக்கக் கூப்பிடும்.

மாரிக்கனி அன்றைக்கே புருசனை ஏரித்திரைக்கு முன்னால் உட்காரவைத்துச் சொன்னாள்.

“இந்தா பாருங்க. இந்தக் கல்யாணம் முடியிற வரைக்கும் பூச்சி கீச்சின்னு ஒங்க வாயில வரக்கூடாது. பூச்சியால இதும் கெட்டுச்சுன்னா, கேமராவ வித்துப்புட்டு நீங்க எங்கண்ணங்கிட்ட லோடு ஏத்தப் போகணும். நான் சொன்னாச் செய்வேன். தெரியும்ல?”

தெரியும். மாரிக்கனியின் அண்ணனுக்கு இரண்டு லாரி ஓடியது. மூட்டை தூக்க ஆள் இல்லை என்று அவர் வாராவாரம் வந்து மச்சானின் தோளைப் பார்த்துவிட்டுப் போவார். உக்கிரபாண்டி கேமராமேல் அடித்துச் சத்தியம் செய்தான். செய்தபோது மனப்பூர்வமாகத்தான் செய்தான். பிழைப்பு இல்லாமல் போவதைவிட, பூச்சி இல்லாமல் போவதை நினைத்துத்தான் செய்தான்.

கல்யாணத்தன்று முதல் பஸ்ஸில் புருசனும் பொண்டாட்டியும் மல்லாங்கிணறு போய் இறங்கினார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. மாரிக்கனி ஒரு கை உதவலாம் என்று காய் நறுக்கும் பக்கம் போனாள்.

“நான் கம்மாப்பக்கம் போயிட்டு வாரேன்” என்றான் உக்கிரபாண்டி. காலை நேரத்தில் ஒரு ஆம்பளை கண்மாய்ப்பக்கம் போனால் எதற்கு என்று எந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை. வெளிக்குப் போகிறவன் கழுத்தில் கேமரா எதற்கு என்று மட்டும் மாரிக்கனி கேட்டிருக்கலாம். கத்தரிக்காய் மும்முரத்தில் அவள் பார்க்கவில்லை.

சத்தியத்தை மீறவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனான். ஆனால் வளையம் அவன் சட்டைப்பையில் இருந்தது. எப்படி அங்கே வந்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. முந்தின வாரம் மழை பெய்திருந்தது. கண்மாயில் முழங்காலளவு தண்ணீர். கரையோரக் கோரையில், புல்லுக்கு ஒன்றாக, செந்நிறத் தட்டாம்பூச்சிகள். நூறா, இருநூறா? எண்ண முடியவில்லை. அவற்றின் நடுவே ஒன்று அப்போதுதான் தன் பழைய கூட்டை உரித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மூன்று வருசமாக அவன் தேடிய காட்சி. இறக்கை இன்னும் விரியவில்லை. நனைந்த துணிபோலச் சுருண்டிருந்தது.

துண்டை வாயில் கடித்தான். வளையத்தை மாட்டினான். பழசாகிப்போன வளையம் லொடலொடவென்று ஆடியது. கேமரா ஆடினால் படம் போச்சு. முந்தின நாள்தான் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று, இரண்டு நிற உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டும் பசையை வாங்கிப் பையில் போட்டிருந்தான். கை அதுபாட்டுக்கு அதை எடுத்தது, பிசைந்தது, வளையத்தைச் சுற்றி அப்பியது. மனசு முழுக்க அந்த ஈர இறக்கையில் இருந்தது. அது விரிய விரிய எட்டுப் படம் எடுத்தான். இறக்கை கண்ணாடியாகி, நரம்பு தங்கமாகி, கடைசியில் அது ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துப் பறந்தபோது, வாயிலிருந்த துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் உக்கிரபாண்டி கண்மாய்க்கரையில் நின்று இரண்டு கையையும் தட்டி ஆடினான்.

பந்தலுக்குத் திரும்பி, லென்சைச் சரியாக மாட்டுவதற்காகத் திருகினான். நகரவில்லை. பலமாகத் திருகினான். வேட்டியால் பிடித்துத் திருகினான். பசை கல்லாகியிருந்தது. குழாய் ஒட்டுகிற பசை, ஒட்டத்தானே செய்யும்! லென்சும் வளையமும் கேமராவும் ஒரே பிண்டமாகிவிட்டன.

மேளம் உச்சத்துக்குப் போனது. “போட்டோக்காரர் எங்கப்பா?” என்று சங்கரலிங்கம் சத்தம் கொடுத்தார். உக்கிரபாண்டி கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். மணவறை ஒரு மஞ்சள் புகை, மாப்பிள்ளை ஒரு வெள்ளைப் புகை, பெண் ஒரு சிவப்புப் புகை. பந்தலின் அந்தக் கோடியில் மாரிக்கனி முகம் மலர நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தான். பயமாக இருந்தது. நாலு விரற்கடைக்குள் போனால் தெரியும் என்ற ஒன்றுதான் தோன்றியது. துண்டைக் கடித்துக்கொண்டு மணவறைக்குள் புகுந்தான்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளை மாதவனின் கைக்கும் பெண்ணின் கழுத்துக்கும் நடுவே அவன் தலை இருந்தது. ஐயர் முழங்கையால் தள்ளிப் பார்த்தார். அவன் அசையவில்லை. முதல் முடிச்சு கேமரா நிறையத் தெரிந்தது. மஞ்சள் கயிறு, அதில் ஒட்டிய ஒரு அரிசி, பதறும் இரண்டு விரல். பார்த்தவுடன் பயம் போய்விட்டது. மனுசனும் கிட்டப்போனால் பூச்சிதான்! பெண்ணின் இமையில் பவுடர், அந்துப்பூச்சியின் இறக்கைத் தூள் மாதிரி. மாப்பிள்ளையின் மீசை நுனியில் ஒரு அட்சதை ஊசலாடியது. பெண்ணின் தாயார் மூக்குத்திக்குக் கீழே ஒரு வேர்வைத்துளி. அதற்குள் தலைகீழாக ஒரு பந்தல். அவன் குனிந்தான், மண்டியிட்டான், மெட்டி போடும்போது அம்மிக்கும் காலுக்கும் இடையில் படுத்தே விட்டான். கோகிலாம்பாள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்தாள்.

“என்னப்பா இவன், மோந்து பாக்குற மாதிரி எடுக்கான்?” என்றார் ஒருவர்.

“இப்ப மெட்ராஸ்ல இப்பிடித்தானாம்” என்றார் இன்னொருவர். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மெட்ராஸ் என்றால் சரிதான்.

இரண்டு சுருளும் தீர்ந்துகொண்டிருந்தபோது பந்தி நடந்தது. மாரிக்கனி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி, விளக்குக் கம்பத்தின் கீழே நின்றாள். விடிய விடிய எரிந்த குழல்விளக்கைத் தேடிப் பருத்திக்காட்டிலிருந்து வந்த பூச்சிகள் கம்பத்தைச் சுற்றிக் கிடந்தன. உக்கிரபாண்டி அவளைப் பார்த்தான், பரபரவென்று வந்தான்.

“ஆடாத. அப்பிடியே நில்லு” என்றான்.

மாரிக்கனி ஆடவில்லை. கல்யாணமாகி ஐந்து வருசத்தில் புருசன் தன்னைப் படம் எடுத்தது ஒரே தடவை, அதுவும் கேமரா சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக. முந்தானையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் வந்த சிரிப்பை வைத்த இடத்தில் வைத்தபடி நின்றாள். அவன் பக்கவாட்டில் வந்து, மூச்சு படுகிற தூரத்தில், ஒரு படம் எடுத்தான். அதோடு ஃபிலிம் தீர்ந்தது. அதன்பின் பெஞ்சு போட்டு ஐம்பது பேர் நின்ற குரூப் போட்டோவுக்கெல்லாம் வெறும் ஃப்ளாஷ் அடித்தான். தொல்லை பண்ணும் கூட்டத்துக்கு ஃபிலிம் இல்லாமல் வெளிச்சம் மட்டும் அடிப்பது எல்லா ஸ்டுடியோக்காரர்களும் செய்வதுதான். பெண்ணின் தகப்பனுக்கே அடித்தவன் அனேகமாக இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

திரும்பும் பஸ்ஸில் மாரிக்கனி சன்னலோரம் உட்கார்ந்து, தன்பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். “இன்னைக்கு வேலையில கண்ணா இருந்தீங்க” என்றாள். அவன் ஒட்டிய லென்சை மடியில் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் மதுரைக்குப் போய்ப் படங்களை வாங்கி, பஸ்ஸிலேயே பிரித்தான். ஒவ்வொன்றும் பார்க்கப் பார்க்கத் துண்டைத் தேடவேண்டியிருந்தது, அப்படி வந்திருந்தது. பாதி வழி தாண்டும்போதுதான் உறைத்தது: எழுபத்திரண்டு படம், எட்டு தட்டாம்பூச்சி, ஒரு முகம்கூட இல்லை. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மூக்கு, விரல், நகம், இமை. கடைசிப் படத்தை எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அதைமட்டும் உறையில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மாரிக்கனி ஸ்டுடியோவில் படங்களைப் பரப்பிப் பார்த்தாள். தட்டாம்பூச்சிகள் முதலில் வந்தன. கேமராவையும் பார்த்தாள். எட்டுப் பூச்சியையும் பிரித்து வைத்துவிட்டு, மிச்சத்தை வரிசை மாறாமல் ஆல்பத்தில் ஒட்டினாள். ஒட்டி முடித்துச் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“நானும் வாரேன். அடி விழுந்தாத் தூக்கிட்டு வர ஆளு வேணும்ல” என்றாள்.

மல்லாங்கிணற்றில் அன்றைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள். வீடு நிறைய ஆள். சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆல்பத்தை விரித்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். அவசர அவசரமாகப் பத்துப் பக்கம்.

“மூஞ்சி எங்கப்பா?”

உக்கிரபாண்டி நடந்ததை நடந்தபடி சொன்னான். கண்மாய், தட்டாம்பூச்சி, பசை, வெறும் ஃப்ளாஷ் உட்பட. சொல்லச் சொல்ல சங்கரலிங்கத்தின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

“ஏம் மக கல்யாணத்துல எனக்கே வெளிச்சம் அடிச்சியா நீ? ஒன்னையெல்லாம்...” என்று எழுந்தார்.

“அப்பா, இது அம்மா மூக்குத்தில்ல?” என்றாள் கோகிலாம்பாள். ஆல்பம் அவள் மடிக்குப் போயிருந்தது. “இந்தா, கல்லுல ஒரு கீறல் இருக்கு பாருங்க.”

“எங்க, எங்க?” என்று தாயார் முத்துலட்சுமி குனிந்தார். “ஆமா, எனதுதேன். அது யாரு காது? முடியப் பாரேன், பொதராட்டம்!”

“சித்தப்பா காதுதான்!”

“ஏ, எங் காதுல அம்புட்டு முடியில்ல!” என்றார் சித்தப்பா. ஆளைப் பிடித்து நிறுத்திக் காதைப் படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அம்புட்டும் இருந்தது. வீடு கொல்லென்று சிரித்தது. அதற்குப்பின் ஆல்பத்தை யாரும் பிடித்துவைக்க முடியவில்லை. இது யார் கட்டைவிரல், இது யார் மச்சம், இந்தத் தங்கப்பல் யாருடையது என்று சனம் தன் உடம்பையே தேட ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றிக் கால்விரலைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. மாப்பிள்ளை மாதவன் தன் மீசையின் அட்சதையைப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்று குறைப்பட்டார்.

சங்கரலிங்கம் மட்டும் ஒரு பக்கத்திலேயே நின்றார். மகளைக் கைப்பிடித்துக் கொடுத்த நேரத்துப் படம். வத்தல் மூட்டையைத் துழாவித் துழாவிச் சிவப்பேறிய அவர் நகம். அதன்கீழ் மகளின் கை. அவர் விரல் அழுந்திய இடத்தைச் சுற்றி அவள் தோல் வெளுத்துப்போயிருந்தது.

“இம்புட்டு அழுத்தியா புடிச்சிருந்தேன்?”

“ஆமாப்பா. வலிச்சிச்சு” என்றாள் கோகிலாம்பாள். “சொன்னா விட்டுருவீகன்னு சொல்லல.”

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு உக்கிரபாண்டியைப் பார்த்து, “ஞாயித்துக்கெழம வாப்பா. சொந்தபந்தத்த மறுபடியும் கூப்பிடுதேன். மூஞ்சியெல்லாம் எடுத்துரு. அந்த ஒட்டுன பொருளக் கழட்டிட்டு வரணும், ஆமா” என்றார். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில், சீமைக்கருவேல நிழலில் நின்றபோது உக்கிரபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா தப்பித்தது, பூச்சிகள் தப்பித்தன. துண்டைத் தலைக்குமேல் சுழற்றலாம் போலிருந்தது. அப்போது மாரிக்கனி கேட்டாள்.

“என்னைய எடுத்தீகளே, அது எங்க?”

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். படம் முழுக்க ஒரு காது. காதின் ஓட்டையில் ஒரு சின்ன வேப்பங்குச்சி. கம்மல் இல்லாதவர்கள் ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகிக்கொள்வது. அந்தக் குச்சியின் நுனியில் ஒரு பச்சைத் தத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. பருத்திக்காட்டில் கோடிக்கணக்கில் இருக்கும் அதே பூச்சி, படத்தில் மரகதம் மாதிரி மின்னியது.

மாரிக்கனி படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள்.

“நீங்க எடுத்தது என்னையவா, பூச்சியவா?”

உன்னைத்தான் என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை. சொன்னால் நம்பிவிடுவாள், நம்பத்தான் அவளும் காத்திருந்தாள். ஆனால் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

“பூச்சியத்தான்” என்றான். “குச்சிய நான் பாக்கவே இல்ல புள்ள. படத்துலதான் பாத்தேன். மூணு வருசமா ஈ மீசைய எண்ணிக்கிட்டிருந்தேன், எதுக்க இருந்த ஒங் காதப் பாக்கல. கேமராவ வித்துருவோம். நான் லோடு ஏத்தப் போறேன்.”

பஸ் வந்தது, நின்றது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

“விக்க வேணாம்” என்றாள் மாரிக்கனி கடைசியில். அவள் குரலில் உக்கிரம் குறையவில்லை. “அது ஏங் கம்மல். அத விக்க நீங்க யாரு? பூச்சி உக்காந்த எடத்துல ஒரு பச்சக்கல்லு வரணும். அது வர்ற வரைக்கும் ஒங்களுக்குப் பூச்சி கெடையாது.”

லேத்துப் பட்டறையில் வளையத்தை அறுத்து லென்சைப் பிரித்தார்கள். சங்கரலிங்கத்தின் வீட்டுக் கதை பரவி, கடைத்தெருக்காரர்கள் மாரி ஸ்டுடியோவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முகமெல்லாம் எடுத்த பிறகு, “ரெண்டு மூணு மோந்து பாத்தும் எடுத்துருங்க” என்று சொல்லியே அனுப்பினார்கள். இரண்டு வருசம் ஓடியது. அந்த இரண்டு வருசமும் உக்கிரபாண்டி ஒரு எறும்பைக்கூட எடுக்கவில்லை. ஒருமுறை ஊசித்தட்டான் ஒன்று அவன் சைக்கிள் மணியின்மேல் வந்து உட்கார, அது பறக்கும்வரை நடுரோட்டில் நின்றான். பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் அவன் காதில் ஏறவே இல்லை.

1990 ஐப்பசி பிறந்ததும் ஆசாரியிடம் அந்தக் காதுப் படத்தைக் கொடுத்து, “இது மாதிரி” என்றான். ஆசாரி புரட்டிப் புரட்டிப் பார்த்து, இது எந்த ஊர்க் கல் என்று கேட்டார். நம் ஊர்தான் என்றான். பச்சைக்கல் கம்மல் மாரிக்கனி காதுக்கு வந்தது. மறுநாள் விடிகாலை, அவளே அவனைத் தட்டி எழுப்பிக் கையில் துண்டைக் கொடுத்தாள். அவன் கண்மாய்க்கு ஓடிய ஓட்டத்தைத் தெருநாய்கள்கூட எழுந்து நின்று பார்த்தன.

அந்த ஐப்பசியிலேயே ஒருநாள், மழை விட்ட சாயங்காலம், ஸ்டுடியோவின் குழல்விளக்கைச் சுற்றித் தத்துப்பூச்சிகள் வந்து குவிந்தன. மாரிக்கனி கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேப்பங்குச்சி ஒன்றைக் காதில் செருகி, விளக்கடியில் ஸ்டூலைப் போட்டு, ஏரித்திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“பூச்சி உக்காந்தா எடுங்க. ஆனா இந்தத் தடவ ஏம் மூஞ்சியும் விழணும்” என்றாள்.

அவன் புதிதாகச் செய்திருந்த வளையத்தை எடுத்தான். நாலு விரற்கடையில் காது வரும், முகம் வராது. வளையத்தை மேசையில் வைத்தான். லென்சை நேராகத் திருப்பி மாட்டினான். ஒரு எட்டு பின்னால் போனான். இன்னும் ஒரு எட்டு. சுவர் முதுகில் இடிக்கும்வரை போனான்.

அந்தப் படம் வெகுகாலம் ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. குச்சியில் பூச்சி உட்கார்ந்திருக்கிறதா என்று அதில் தெரியாது, அவ்வளவு தூரம். மாரிக்கனி நன்றாகத் தெரிகிறாள், பின்னால் தண்ணீர் வற்றாத ஏரியோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.